ஒசாகாவில் முட்டையிட்ட மூவர்

நாமக்கல்லிலிருந்து மேற்கே கிளம்பி, எந்த இடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம் போலத் தோன்றுகிறதோ அங்கே இறங்கினால் அதுதான் சேவலாம்பட்டி. வீட்டுக்கு வீடு கோழிப்பண்ணை. அந்த ஊர்க்காரர்களுக்குக் கோழியைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. கோழியைத் தவிர வேறெதைப் பற்றியும் தெரிந்ததும் கிடையாது. ஆகவே எதைப் பார்த்தாலும் கோழிக் கணக்கில்தான் யோசிப்பார்கள். இதுநாள் வரைக்கும் அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை.

அந்த ஊர் ராக்கியண்ணனுக்கு ஒரே தங்கச்சி, மேகலா. ஜப்பானில் ஒசாகா என்கிற பெரிய பட்டணத்தில் வேலை பார்க்கும் சிவராசுவுக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. அவள் மகனுக்கு அங்கேயே காது குத்து வைத்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? ஆனால் மேகலாவின் மாமியார் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு முன்னாடியே ஒசாகாவில் போய் இறங்கிவிட்டாள்.

"உங்கண்ணன் எங்க இத்தனை தூரம் வரப் போறான்? நேரம் தப்புச்சுதுன்னா என்ற தம்பி மடி சும்மாதான் இருக்குது" என்று காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேகலா போனில் அழுதாள். "அண்ணா, ஞாயித்துக்கெழமை பத்தரை மணிக்குள்ள நீ வந்து உக்காரோணும். இல்லீன்னா இந்தம்மா ஆயுசுக்கும் என்னையப் பேசியே கொன்னுபோடும்."

ராக்கியண்ணன் நகைக்கடைக்கு ஓடினான். அன்றைக்கே தங்கத் தோடு செய்யச் சொன்னான். தாய்மாமன் ஒண்டியாகப் போனால் சபையில் மரியாதை இருக்காது என்று பங்காளி காளியண்ணனையும், காளியண்ணனின் தம்பி செங்கோடனையும் சேர்த்துக்கொண்டான். காளியண்ணன் கோழி வளர்ப்புப் பயிற்சிக்கு ஒருநாள் போய் வந்தவன். அதனால் ஊரில் அவன் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

சிவராசுவின் வீடு மிகச் சின்னது. மாமியாரும் அவள் தம்பியும் படுத்துவிட்டால் கதவைத் திறக்க முடியாது. "மச்சான், வெளியில ரூம் போட்டுத் தர்றேன்" என்றான் சிவராசு.

"திருச்செங்கோட்டுத் தேரன்னிக்கே ரூம் புடிச்சவனுங்க நானு. சல்லிசா நாங்களே பாத்துக்கறோம், நீங்க விடுங்க மாப்ள" என்றான் ராக்கியண்ணன்.

"செரி, ரெண்டு விஷயத்தை மட்டும் மறந்துடாதீங்க. எங்கயும் சத்தம் போடக் கூடாது. அவங்க குனிஞ்சு கும்புட்டா நீங்களும் குனியோணும். அவங்களைவிட ஒருபிடி கூடவே குனிஞ்சீங்கன்னா மரியாதை."

பயணத்துக்குத் துணி எடுத்து வைத்தார்களோ இல்லையோ, இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒசாகாவில் போய் நின்றால், ஊரெல்லாம் பூ பூத்திருக்கிறது, பூப் பார்க்க வந்த கூட்டம் லாட்ஜெல்லாம் நிறைந்திருக்கிறது. காலியாக இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் வாடகையைக் கேட்டதும் செங்கோடன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக அலைந்து, கடைசியில் ஒரு பழைய மரவீட்டுச் சத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். வாடகை கம்மி, அறையும் இருந்தது. சத்திரக்காரர் எழுபது வயதுக் கிழவர், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு இடுப்பு வரைக்கும் குனிந்தார்.

மூவரும் ஒருபிடி கூடவே குனிந்தார்கள்.

வந்தவர்கள் தன்னைவிடக் குனிந்தால் கிழவர் சும்மா இருப்பாரா? இன்னும் குனிந்தார். இவர்கள் முழங்காலில் நெற்றியை வைத்தார்கள். கிழவர் மண்டியிட்டார். இவர்கள் நெடுஞ்சாண்கிடையாகக் குப்புற விழுந்தார்கள். இதற்குமேல் தாழ்வதற்கு இடமில்லையே என்று கிழவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு எழுந்து, மூலையில் ஒரு பலகையைத் தூக்கி, அரிசி மூட்டை போடுகிற நிலவறைக்குள் இறங்கிப் போய் அங்கிருந்து குனிந்தார்.

"பங்காளி, நம்மால இது ஆகாது. குழி தோண்டக் கடப்பாரைகூட கொண்டாரல" என்று ராக்கியண்ணன் தரையோடு தரையாகக் கிசுகிசுத்தான்.

"மரியாதையில தோத்துட்டு அந்த வூட்லயே படுக்கறதாக்கும்? எந்திரி" என்றான் காளியண்ணன். மூவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். கிழவர் எப்போது மேலே வந்தாரோ, பாவம்.

பொழுது சாயும் நேரத்துக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அகப்பட்டது. வாடகையைக் கேட்டால் நம்ப முடியவில்லை, அவ்வளவு சல்லிசு. கவுண்டரில் இருந்த பெண் தன் பேச்சைத் தமிழாக்குகிற போனை நீட்டினாள். போன் சொன்னது: "தயவுசெய்து, இங்கே அறைகள் இல்லை. பெட்டிகள் உள்ளன. ஒரு பெட்டிக்கு ஒருவர். உள்ளே விளக்கின் ஒளியை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். காலை பத்து மணிக்கு அனைவரையும் வெளியேற்றிவிட்டு, கழுவி, புதியவர்களை உள்ளே விடுவோம்."

மாடிக்குப் போய்ப் பார்த்தார்கள். நீளமான கொட்டகை மாதிரி ஒரு கூடம். சுவர் நெடுக வரிசையாகப் பெட்டிகள், மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு மனிதத் தலை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பழுப்பு உடுப்பு கொடுத்திருந்தார்கள். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள நம்பர் போட்ட பட்டையும் ஆளுக்கு ஒன்று.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டையை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார்கள்.

"பண்ணைதான்" என்றான் காளியண்ணன், பெருமூச்சு விட்டு. "சுத்தமான பண்ணை. குறை சொல்லப்படாது. காத்தோட்டம் நல்லா வெச்சிருக்கறான்."

"ஏனுங்கண்ணா, இத்தனை கம்மி வாடகைக்கு எப்படிக் கட்டுபடி ஆகுது இவனுக்கு?" என்று செங்கோடன் கேட்டான்.

"நாம கோழிகிட்ட வாடகையா வாங்கறோம்? வேற ஒண்ணுதானே வாங்கறோம்" என்றான் காளியண்ணன்.

பிறகு ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு விளக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

"வெளிச்சத்தைக் கூட்டிக்கலாம்னு அந்தப் புள்ளை சொல்லுச்சே, எதுக்குன்னு நெனைச்ச? வெளிச்சம் கூடுனா முட்டை கூடும். பத்து மணிக்கு வெளியேத்திக் கழுவி மருந்தடிச்சுப் புது பேட்ச்சை ஏத்தறான். எதையெல்லாம் வெளியேத்துவான்? முட்டை வெக்காததை. வெளியேத்தி?"

"லாரியில ஏத்துவான்" என்றான் ராக்கியண்ணன். அவனே வாரா வாரம் ஏற்றுகிறவன்தானே. "பங்காளி, எனக்குப் பத்தரைக்குக் காது குத்து இருக்குது. லாரியேறிட்டா என் தங்கச்சி கதி?"

"அதனால ஆளுக்கொண்ணு வெச்சே ஆகோணும்" என்று காளியண்ணன் தீர்ப்புச் சொன்னான்.

வைப்பது எப்படி என்று ரகசியக் குரலில் வெகுநேரம் ஆலோசனை நடந்தது. செங்கோடன் கொஞ்சம் முயற்சி செய்தும் பார்த்தான், அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். பிறகு பக்கத்துக் கடையில் அவித்த முட்டை விற்பதை ராக்கியண்ணன் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னான். கடையிலிருந்த அத்தனையையும் வாங்கி வந்தார்கள். விளக்கை முழுசாக எரியவிட்டுப் படுத்தார்கள். விடியக்காலையில் எழுந்து அவரவர் பெட்டி வாசலில் ஒரு முட்டையை வைத்தார்கள்.

ராக்கியண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்துப் பெட்டியில் வயசான ஒரு ஆபீஸ்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வாசல் வெறுமையாகக் கிடந்தது. "இந்த வயசுல இவரெங்க வெக்கப் போறாரு? புள்ளைகுட்டிக்காரரா இருப்பாரு" என்று அவருக்கும் ஒன்று வைத்தான். அப்புறம் எதிர் வரிசை, மேலடுக்கு என்று கூடம் முழுக்க ஒரு சுற்று வைத்துவிட்டு வந்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ராத்திரி முட்டை யோசனையில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. ராக்கியண்ணனுக்கு வயிறு கூப்பாடு போட்டது. முட்டையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். கை தானாகப் போய்விட்டது. தின்று முடித்து ஓட்டைப் பொறுக்கும்போது காளியண்ணன் பார்த்துவிட்டான்.

"அடப்பாவி! உன் முட்டையை நீயே தின்னுட்டியா?"

ராக்கியண்ணன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். தன் முட்டையைத் தானே தின்னப் பழகிய கோழிக்குப் பண்ணையில் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அலகை வெட்டுவார்கள்.

"இங்கயெல்லாம் வெட்ட மாட்டாங்க" என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பக்கத்துப் பெட்டி ஆபீஸ்காரர் எழுந்து உட்கார்ந்தார். முட்டையைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டி, உரித்துத் தின்றார். கழுவுமிடத்துக்குப் போனார். திரும்பி வரும்போது மூக்கும் வாயும் தெரியாமல் வெள்ளை முகக்கவசம் கட்டியிருந்தார். அவருக்குப் பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர், எல்லோரும் முட்டை தின்றவர்கள், எல்லோருக்கும் அதே கட்டு.

"வெட்டிட்டாங்க" என்றான் செங்கோடன், அழமாட்டாத குறையாக. "கட்டுப் போட்டு அனுப்பறாங்கண்ணா."

ராக்கியண்ணன் பெட்டிக்குள் புகுந்து திரையை இழுத்து மூடிக்கொண்டான்.

ஒன்பதரைக்குச் சிவராசு கீழே வந்து போன் செய்தான். "மச்சான், கார் ரெடியா நிக்குது, எறங்கி வாங்க."

"வர முடியாதுங்க மாப்ள" என்றான் ராக்கியண்ணன் கிசுகிசுப்பாக. "ஜன்னல்ல பாத்தேன், வாசல்ல லாரி நிக்குது."

"அது அழுக்குத் துணி எடுக்கற வண்டிங்க மச்சான்!"

"அப்படித்தானுங்க சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் கோழிகிட்ட சொல்லியிருக்கறேன்."

சிவராசு எவ்வளவோ கெஞ்சினான், அசையவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டு எல்லோரையும் விடுதிக்கே வரச் சொன்னான். குழந்தையோடு மேகலா வந்தாள், மாமியார் வந்தாள், மாமியாரின் தம்பி வந்தார், பக்கத்து ஊரில் நகை வேலை பார்க்கும் நம்மூர் ஆசாரி ஒருவரும் பையோடு வந்தார். மணி பத்தை நெருங்கிவிட்டது. மாமியாரின் தம்பி வரவேற்பறை சோபாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியைத் தட்டி மடியைச் சமமாக்கினார்.

மேகலா போனை வாங்கினாள். "அண்ணா, அவரு உக்காந்துட்டாரு. நீ வரலீல்ல? செரி, விடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

ராக்கியண்ணன் திரையை விலக்கினான். "பங்காளி, என் அலகு போனாலும் போகட்டும். என் தங்கச்சி தலை குனியப்படாது" என்றான். சொல்லும்போது அழுதுவிட்டான், ஆனால் சத்தமில்லாமல் அழுதான். தோட்டை எடுத்துக்கொண்டு, காலில் பட்டையோடு, பழுப்பு உடுப்போடு மாடிப்படி இறங்கினான். பின்னால் இருவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அவனைப் பார்த்ததும் மாமியாரின் தம்பி எழுந்துவிட்டார், அந்தக் கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் எழத்தான் தோன்றும். ராக்கியண்ணன் உட்கார்ந்து மருமகனை மடியில் வாங்கிக்கொண்டான். மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்போது ஆசாரி பையைத் திறந்து பளபளவென்று ஒரு கருவியை எடுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே வந்தார்.

வந்துவிட்டார் அலகு வெட்டுகிறவர்! ராக்கியண்ணன் கண்ணை இறுக மூடினான். குழந்தை மேல் பட்டுவிடக் கூடாதே என்று தன் முகத்தை எக்கி முன்னால் நீட்டி, "சீக்கிரம் வெட்டிப்போடுங்க" என்றான். குழந்தையின் காதுக்கு என்று போன ஊசி மாமன் காதில் சதக்கென்று இறங்கியது.

வலி உயிர் போகிறது, ஆனால் சத்தம் போடக் கூடாதே! வாயை ஆவென்று திறந்து, கண்ணை உருட்டி, ஒரு பொட்டு ஓசையில்லாமல் ராக்கியண்ணன் அலறினான். அதைப் பார்த்து மருமகன் கெக்கெக்கே என்று சிரித்தான். ஆசாரி விவரமான மனுசர், சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசியைத் துடைத்து அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று குத்தித் தோட்டைத் திருகிவிட்டார். பத்தரைக்கு இன்னும் நேரமிருந்தது. குழந்தை சிணுங்கக்கூட இல்லை. மாமியார் தன் தம்பியை முறைத்துப் பார்த்தாள்.

ராக்கியண்ணன் மூக்கைத் தடவிப் பார்த்தான், அது இருந்தது. காதைத் தடவினான், ஓட்டை இருந்தது. ஒன்றும் புரியாமல் பங்காளியைப் பார்த்தான்.

காளியண்ணன் அந்தக் காதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, நெடுநேரம் யோசித்தான். "நாம மொதல்லயே தப்பாப் புரிஞ்சுக்கிட்டம் பங்காளி" என்றான். "காதுல அடையாளம் குத்தறான் பாரு. இது கோழிப்பண்ணை இல்ல, ஆட்டுப்பட்டி. முட்டைக்கு அவசியமே இல்ல."

"அப்ப நாம என்னங்கண்ணா பண்றது?" என்றான் செங்கோடன்.

காளியண்ணன் நாலு பக்கமும் பார்த்தான். வரவேற்பறை மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு செடி தொட்டியில் பச்சைப்பசேலென்று நின்றது. நேராகப் போய் ஒரு இலையைக் கடித்தான். செங்கோடனும் போய்க் கடித்தான். மருமகனைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு ராக்கியண்ணனும் போய்ச் சேர்ந்துகொண்டான்.

கவுண்டர் பெண் ஓடிவந்து குனிந்து போனை நீட்டினாள். "தயவுசெய்து, விருந்தினர்களே, அந்தச் செடி பிளாஸ்டிக்" என்றது போன்.

காளியண்ணன் மெல்லுவதை நிறுத்தவில்லை. "பாத்தீங்களா, தீவனத்துல மிச்சம் புடிக்கறான்" என்றான் மற்ற இருவரிடமும். "இவனுக்கு இந்த வாடகை எப்படிடா கட்டுபடி ஆகுதுன்னு நேத்துலருந்து மண்டையைப் போட்டு உடைச்சுட்டு இருந்தேன்."