நாக்கு சொன்ன எல்லை

“கடல் எந்த இடத்துல ஆரம்பிக்குது? அதை மட்டும் காட்டிக்கொடு ரெஜினா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

கேட்டது மிக்கேல்.

ஆறு கடலில் விழும் அந்த ஊரில், விடுமுறைக்கு வருகிறவர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போக விடுதியில் இரண்டு படகுகள். ஒன்று ஆற்றோடு மேலே போய்க் கெண்டைக்கும் விராலுக்கும் தூண்டில் போடும். மற்றது முகத்துவாரம் தாண்டிச் சீலா மீனுக்குப் போகும். ஆற்றுப் படகு இருபது வருஷமாக மிக்கேல் கையில். கடல் படகு ரெஜினாவினுடையது. அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

ஆற்றுக்கு இப்போது யாரும் வருவதில்லை. நாளைக் காலை நீயும் நாலு பேரைக் கடலுக்குக் கூட்டிப்போ, இல்லாவிட்டால் வேறு ஆள் வைக்கிறேன் என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டார்.

முகத்துவாரத்தில்தான் அவன் தம்பி ஆரோக்கியம் போனான். துடுப்பு மட்டும் கரைக்கு வந்தது.

அன்றிலிருந்து மிக்கேலுக்கு ஒரு பழக்கம். படகில் போகும்போதே விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைப்பான். கரித்தால் படகைத் திருப்பிவிடுவான்.

“சொல்லு, வாத்தியாரம்மா.”

“கடல்ல வாத்தியார் ஏது அண்ணே. இன்னும் முழுகாதவங்க இருக்கோம், அவ்வளவுதான்.”

அவள் சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

“பயமில்லாம நீங்க உட்கார்ற இடம் எது?”

“எங்க வீட்டுப் படித்துறைதான். பிள்ளைங்க நீச்சல் பழகினதே அங்கதான்.”

“வாங்க, அங்க போவோம்.”

கடல்மட்டம் ஏறும் நேரம். மிக்கேல் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, விரலை நனைத்து நக்கினான்.

“நல்ல தண்ணி. பார்த்தியா? இது ஆறு.”

ரெஜினா ஒரு காலிப் பாட்டிலை எடுத்தாள். அதன் கழுத்தில் ஈயக்குண்டும் கயிறும் கட்டித் தண்ணீரில் இறக்கினாள். மூடியிருந்த தக்கையில் தனியாக ஒரு நூல். பாட்டில் அடிமண்ணைத் தொட்டதும் நூலைச் சுண்டித் தக்கையைப் பிடுங்கினாள். குமிழிகள் வந்தன. மேலே இழுத்து அவனிடம் நீட்டினாள்.

“குடிங்க.”

ஒரு வாய் குடித்தான். துப்பினான்.

நடுக்கடல் உப்பு.

“இது... இன்னிக்குத்தான் வந்துதா?”

“தினம் ரெண்டு வேளை வரும். உப்புத்தண்ணி கனம் அண்ணே. அடியிலயே வரும், அடியிலயே போகும். மேல உங்க ஆறு பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும்.”

மிக்கேல் காலை மேலே இழுத்துக்கொண்டான். பிள்ளைகள் இங்கே முங்கி, அடிமண்ணை அள்ளி வந்து, கையை விரித்துக் காட்டியிருக்கிறார்கள். அவன் இதே படியில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறான்.

“இன்னும் எவ்வளவு தூரம் உள்ள போகுது?”

“நான் பார்த்ததில்லை.”

தூரத்தில் முகத்துவாரம் இரைந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து, படித்துறையில் கட்டியிருந்த தன் படகில் ஏறினான்.

“ஏறு, போவோம்.”

“நாளைக்குத்தானே?”

“நாளைக்கு நாலு பேர் இருப்பாங்க.”

அவள் ஏறிக்கொண்டாள். படகு நகர்ந்ததும் பழக்கத்தில் அவன் விரல் தண்ணீருக்குள் போனது.

எடுத்தான். சட்டையில் துடைத்துக்கொண்டான்.