அருளம்பலத்தின் செம்புக் காசு

கொழும்பில் காப்பி வியாபாரம் ஓங்கியிருந்த காலம். அரசாங்கத்துச் சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. காப்பிக் கிடங்கு வைத்திருந்த அருளம்பலம், தன் பெயர் பொறித்த செம்பு வில்லைகளை அடித்துக் கூலியாகக் கொடுத்தார். கொட்டை பொறுக்கிய பெண்கள் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். பெயரைப் பார்த்துக் கடைக்காரர்கள் அரிசி அளந்தார்கள்; பிறகு அவரிடம் அவற்றைக் காசாக மாற்றிக்கொண்டார்கள்.

பிறகு காப்பிச் செடிகளில் நோய் விழுந்தது. கிடங்கு மூடப்பட்டது. அந்த வருடமே அவர் மனைவியும் இறந்தாள். மிஞ்சிய சொத்தைக் கோயிலுக்கு எழுதிவைத்துவிட்டு, துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த சிறிய மடத்துக்கு வந்தார். அங்கிருந்த சுவாமி அவரைவிட வயதில் இளையவர்.

அருளம்பலம் துறவு கேட்டார். சுவாமி, பிச்சைப் பாத்திரத்தில் விழுந்திருந்த ஒரு வில்லையைக் கொடுத்து, அரிசி வாங்கி வரச் சொன்னார்.

தாடியும் அழுக்குத் துண்டுமாகப் போனவரைக் கடைக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். அன்று மடத்தில் அடுப்பு மூட்டவில்லை.

"என்ன சொன்னார்?" என்று சுவாமி கேட்டார்.

"இதில் பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம் என்றார்."

"அதைப் பாத்திரத்தில் போட்டவள் வெள்ளச்சி. உங்கள் கிடங்கில் வேலை செய்தவள். அவளிடம் இருப்பவை இந்த வில்லைகள்தான்."

மறுநாள் காலை அருளம்பலம் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார். கிடைத்த கூலியைக் கொடுத்து, தன் வில்லைகளைத் திரும்ப வாங்கினார். அவற்றைச் செம்புப் பாத்திரம் செய்யும் கன்னாரிடம் எடைக்குப் போட்டு, அந்தக் காசையும் அதற்கே செலவிட்டார். செய்தி பரவிப் பெண்கள் தேடி வந்தார்கள்.

"முதலாளி, நீங்களா சுமக்கிறீங்க?" என்று கேட்டாள் வெள்ளச்சி. அவர் மூட்டையை இறக்கிவிட்டு அவள் வில்லைகளை எண்ணி வாங்கினார்.

வருடங்கள் போயின. முதுகு வளைந்த பிறகு மீண்டும் மடத்துக்கு வந்தார்.

"இப்போது யாரும் வருவதில்லை, சுவாமி. ஆனால் எல்லாம் திரும்பவில்லை. செத்துப்போனவர்கள் உண்டு. ஊருக்குக் கப்பலேறியவர்கள் உண்டு. என்னால் இனிச் சுமக்கவும் முடியாது. இப்போதாவது துறவு தருவீர்களா?"

"துறவு வாங்கினால் உங்கள் பெயர் மாறிவிடும், ஐயா."

"மாறட்டும்."

சுவாமி கேட்டார்:

"கப்பலேறிப் போனவள் ஒருத்தி திரும்பி வந்தால், என்ன பெயர் சொல்லி விசாரிப்பாள்?"