மலைப்பாம்புக்கு வந்த காய்ச்சல்

ஓடைக்கரைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றியும் ஒரு மலைப்பாம்பும் ஒரே வளையில் குடியிருந்தன. முள்ளம்பன்றிக்குக் கிழங்கு போதும். முள்ளை விழுங்கிப் பார்க்கும் ஆசை பாம்புக்கு இல்லை. அதனால் சண்டை வந்ததில்லை.

ஒரு நாள் அந்த வளைக்குள் எட்டிப் பார்த்த குரங்கு அலறிக்கொண்டு ஓடி வந்தது.

“பாம்பக்காவுக்கு உடம்பு சரியில்லை! சுருண்டு கிடக்கிறா. உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது!”

“அப்படியா!” என்று காதைத் தூக்கியது முயல். “அவ வாயில ஒரு எலிகூடப் போய் முப்பது நாள் ஆச்சாம். நேத்து காலையில வெயில் காய வந்தப்போ என் தம்பி குறுக்கே ஓடினான். திரும்பிக்கூடப் பார்க்கலை.”

“நல்ல செய்திதானே!” என்றது மான்.

“தொத்துற காய்ச்சலா இருந்தா?” என்று கேட்டது குரங்கு.

மான் இரண்டு அடி பின்வாங்கியது.

பாம்பிடமே கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கிட்டப் போகும் தைரியம் யாருக்கும் இல்லை. அதனால் மைனாவைக் கூப்பிட்டார்கள்.

மைனா சாதாரணப் பறவை அல்ல. மிருகக்காட்சிச் சாலையில், பாம்புக் கூண்டுக்கு எதிர்க் கூண்டில், பதினோரு மாதம் இருந்துவிட்டுத் தப்பி வந்தது. அதை அது ஒரு நாளும் மறந்ததில்லை. மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

“மலைப்பாம்பா? என் கண் முன்னாடி வளர்ந்த ஜாதி!” என்றது மைனா. “தொட்டியில சுத்தமான தண்ணி. மூலையில ஒரு சூடு விளக்கு. பதினைந்து நாளுக்கு ஒரு எலி. தின்ன பிறகு தூக்கக் கூடாது, கக்கிடும். தோல் உரிக்கிறப்போ கண் மங்கும், அப்போ தொடக் கூடாது.”

“நடுங்கினா என்ன செய்யணும், டாக்டர்?” என்று கேட்டது குரங்கு.

“அங்கேயும் ஒன்று நடுங்கிச்சு. காவலர் மாசிலாமணி என்ன செய்யச் சொன்னார் தெரியுமா? அடை! அவ்வளவுதான். அடைச்சுடு, அங்கேயே கிடக்கட்டும்!”

“அடைச்சா நோய் வெளியே வராது!” என்று பூரித்துப்போனது முயல்.

பொழுது சாய்வதற்குள் வளை வாயில் கற்கள் ஏறின. இடுக்குகளில் குரங்குகள் சேற்றை அப்பின. உள்ளேயிருந்து “ஸ்ஸ்ஸ்” என்று சத்தம் வந்தது.

“ஜன்னி கண்டுடுச்சு. பிதற்றுது,” என்றது மைனா.

பாம்பு பிதற்றவில்லை. “பாவிகளா, திறங்க!” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் சுருளுக்குள் இருபத்தேழு முட்டைகள் இருந்தன. தினமும் காலையில் வெயிலில் கிடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு போய் முட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். சூடு குறைந்தால் தசையை இறுக்கியும் தளர்த்தியும் தானே சூடு உண்டாக்கும். அதைத்தான் குரங்கு நடுக்கம் என்றது. இப்போது வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. பாம்பு இன்னும் வேகமாக நடுங்கியது. முட்டைகள் குளிர்ந்துகொண்டே வந்தன.

“நான் என்னடா பாவம் செஞ்சேன்? எனக்கென்ன காய்ச்சலா?” என்று முள்ளம்பன்றி உள்ளேயிருந்து கத்தியது. அதுவும் ஜன்னி என்று மைனா சொல்லிவிட்டது.

இரண்டாம் நாளும் கற்கள் ஏறிக்கொண்டிருந்தபோது காட்டுக்கோழி புதரிலிருந்து இறங்கி வந்தது. பதினெட்டு நாளாக அது வெளியே தலைகாட்டவில்லை. ஒரு வாய் கரையான் கொத்திக்கொண்டு ஓடுவதுதான் அதன் திட்டம்.

“என்னய்யா இது, கல்யாண வேலை மாதிரி கல் சுமக்கிறீங்க?”

“பாம்பக்காவுக்குக் காய்ச்சல், அக்கா. நடுங்குறா. தின்ன மாட்டேங்குறா. எழுந்திரிக்க மாட்டேங்குறா. கிட்டப் போனா சீறுறா. காவலர் மாசிலாமணி அடைக்கச் சொன்னாராம், மைனா சொல்லுது,” என்றது குரங்கு.

கோழி கொத்துவதை நிறுத்தியது.

“தின்னலை, எழுந்திரிக்கலை, கிட்டப் போனா சீறல். பதினெட்டு நாளா நானும் அப்படித்தானே இருக்கேன்! என்னையும் அடைப்பீங்களா?”

கோழி மைனாவின் பக்கம் திரும்பியது.

“ஏம்பா மைனா, அந்த மாசிலாமணி சொன்னதை அப்படியே சொல்லு. உன் விளக்கம் வேண்டாம். அவர் குரல்லயே சொல்லு.”

மைனாவுக்கு அது கைவந்த கலை. கழுத்தை உப்பியது. ஒரு இருமல் இருமியது. பிறகு மாசிலாமணியின் கரகரத்த குரலில் பேசியது:

“மலைப்பாம்பு அடை கிடக்கு! யாரும் கிட்டப் போகாதீங்க! சத்தம் போடாதீங்க!”

“இன்னொரு தடவை!”

“மலைப்பாம்பு அடை கிடக்கு...” என்று ஆரம்பித்த மைனா பாதியில் நிறுத்திக்கொண்டது. இத்தனை நாளில் அது தன் குரலைத் தானே கேட்டது அப்போதுதான்.

“மண்டு!” என்றது கோழி. “அடைன்னா கதவை அடைக்கிறதா? முட்டை மேல கிடக்கிறதுடா! உள்ளே அவ குழந்தைங்க இருக்கு. தள்ளுங்க கல்லை!”

குரங்கு தயங்கியது. “வெளியே வந்தா எங்களைத் தின்னுடுவாளே.”

“அடை கிடக்கிறவ தின்ன மாட்டா. என் முட்டை அங்கே ஆறிக்கிட்டிருக்கு. நீங்க தள்ளுறீங்களா, நான் கொத்தட்டுமா?”

கற்கள் உருண்டன. முதலில் முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தது, குரங்குகள் மரமேறின. பின்னால் பாம்பு வந்தது. யாரையும் பார்க்காமல் வெயிலில் நீண்டு படுத்தது. உடம்பு சுட்டதும் உள்ளே போய்விட்டது. கோழி அதற்கு முன்பே தன் புதருக்கு ஓடிவிட்டது.

ஒரு மாதத்தில் வளையிலிருந்து குட்டிகள் நெளிந்து வந்தன. இருபத்தேழில் நான்கு முட்டைகள் பொரியவில்லை. அடைபட்டுக் கிடந்தபோது ஏறிய குளிர் அவற்றை எடுத்துக்கொண்டது. மற்ற இருபத்து மூன்றும் தாயிடம் சொல்லிக்கொள்ளாமல் திசைக்கு ஒன்றாகப் போய்விட்டன. மலைப்பாம்புக் குடும்பத்தில் அதுதான் வழக்கம்.

எலும்பும் தோலுமாக வெளியே வந்த பாம்பு, எட்டுக் குஞ்சுகளோடு மேயும் கோழியைக் கண்டது.

“கோழியக்கா, உன்னால்தான் இத்தனை பிழைச்சது. இந்த நன்றியை மறக்க மாட்டேன்.”

“அதனாலென்ன, பரவாயில்லை.”

“ஆனா ரெண்டு மாசமா நான் சாப்பிடலை. என் நன்றி நாளைக் காலை வரைக்கும் தாங்கும்னு நினைக்கிறேன். அதுக்குள்ளே குஞ்சுகளோட அக்கரைக்குப் போயிடு.”

கோழி மறுபேச்சுப் பேசவில்லை. எட்டுக் குஞ்சுகளையும் ஓட்டிக்கொண்டு அப்போதே ஓடையைக் கடந்தது.

காதில் விழுந்த சொல்லின் பொருள் தெரியாமல் அடுத்தவருக்கு வைத்தியம் பார்க்கப் புறப்படுகிறவர், இல்லாத நோயைத் தீர்க்கப் போய் இருக்கிற உயிரைக் கெடுத்துவிடுவார்.