பட்ட மரத்தடியில் ஒரு பரீட்சை

சேற்றுமடுக் காட்டில் வேம்பி என்றொரு கீரி இருந்தது. பன்றிகளுக்கு வரும் நோய்களைப் படித்தே அதற்குப் பாதி ஆயுசு போய்விட்டது. 'பன்றி வைத்திய நிபுணர்' என்ற பட்டம் வாங்க ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி.

பட்டம் கொடுப்பவை மூன்று பிணந்தின்னிக் கழுகுகள். "எந்த நோயில் எந்தப் பன்றி சாகும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?" என்று காடே அவற்றுக்குப் பயந்து நடந்தது.

பரீட்சை நாள். உச்சிவெயில். மடுவில் இறங்கிய வேம்பி சுற்றிலும் பார்த்தது. நாற்பது பன்றிகள் இருந்தன. ஓர் உறுமல்கூட இல்லை. குட்டிகளும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையையே பார்த்தன. ஈக்களின் சத்தம் மட்டும் கேட்டது.

நடுவில் சடைச்சி என்ற தாய்ப்பன்றி கிடந்தது. காதுகள் நீலம் பாரித்திருந்தன. உடம்பு அனலாய்க் கொதித்தது. அதன் பக்கத்தில் இன்னும் ஆறு பன்றிகளுக்கும் காய்ச்சல் கண்டிருந்தது.

"என்ன நோய்? சொல்!" என்றது பட்ட மரத்தில் இருந்த மூத்த கழுகு.

வேம்பி முகர்ந்து பார்த்தது. நெஞ்சில் காது வைத்துக் கேட்டது. படித்த எதனோடும் பொருந்தவில்லை.

கழுகு குரலைத் தாழ்த்தியது. "சேற்றுக் காய்ச்சல் என்று சொல்லேன்! எல்லாரும் ஒன்றாக இதே மடுவில் படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும் என்று சொல். பட்டம் உனக்கு!"

வேம்பி நிமிர்ந்தது. கழுகுகள் அதைப் பார்க்கவே இல்லை. மூன்றும் மொட்டைக் கழுத்தை மெல்லத் திருப்பி, பன்றிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

வேம்பி தன் படிப்பை நினைத்தது. பாதி ஆயுசு! ஒரு பொய் சொன்னால் போதும்.

"என்ன நோயென்று எனக்குத் தெரியவில்லை," என்றது வேம்பி. "ஆனால் இது ஒட்டிக்கொள்ளும் நோய் போலிருக்கிறது. காய்ச்சல் கண்டவர்கள் இங்கேயே இருங்கள். மற்றவர்கள் இந்தத் தண்ணீரைத் தொடாமல் மேட்டுக்கு ஏறுங்கள்!"

"தெரியாது என்கிற நீ நிபுணரா? தோற்றாய், போ!" என்று கழுகு சீறியது.

பன்றிகள் அசையவில்லை. பட்டம் இல்லாதவர் பேச்சை நம்பலாமா?

அப்போது சடைச்சி கண் திறந்தது. "போங்கள்! என் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்! என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள்!"

ஒன்றன்பின் ஒன்றாகப் பன்றிகள் மேடேறின. வேம்பி மட்டும் சடைச்சியின் அருகில், அதன் கடைசி மூச்சு வரை உட்கார்ந்திருந்தது.

மடுவில் தங்கிய ஏழும் இறந்தன. மேடேறிய முப்பத்துமூன்றும் பிழைத்தன. "இனிமேல் பட்டம் கொடுப்பது நாங்கள்தான்!" என்று கழுகுகளிடம் சொல்லிவிட்டு, பிழைத்த பன்றிகள் முதல் பட்டத்தை வேம்பிக்கே கொடுத்தன.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிந்தவரிடமே உயிரை நம்பி ஒப்படைக்கலாம்.