நிறம் சொல்லாத குரல்

ஓர் ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில், ஒரு கணினிக்குள் குரல் ஒன்று குடியிருந்தது. திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் படித்துச் சொல்வதுதான் அதன் வேலை. அது கோசலைக்காக மட்டுமே படித்தது. கோசலைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. காதில் குரலை மாட்டிக்கொண்டு, கல்யாணப் பத்திரிகைகளின் வாசகத்தைத் தட்டித் திருத்திக் கொடுப்பாள். "பாவம்" என்று சொல்லியே திருப்பி அனுப்பிய எத்தனையோ வாசல்களுக்குப் பிறகு கிடைத்த வேலை அது. அதை விட்டால் அவளுக்கு வேறு வேலையும் இல்லை, வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளும் இல்லை.

முதலாளி பரமானந்தத்துக்கு நிறங்களின் மேல் ஆசை. ஒரே பக்கத்தில் ஏழெட்டு நிறம் போடுவார். குரலும் ஒன்று விடாமல் சொல்லும். "தங்க நிறம், மணமகள். பச்சை, மணமகன். ஊதா, நிகழும் மங்களகரமான..."

"என்னம்மா இது, ஒரு பத்திரிகைக்கு அரை நாளா? அதுக்குள்ள அவங்களுக்குப் பிள்ளையே பொறந்துரும்" என்றார் முதலாளி.

"நெறத்தையெல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நேரமாயிடுதுண்ணே."

"அதைச் சொல்ல வேணாம்னு வெச்சிரு. உனக்கெதுக்கு நெறம்?"

"சரிண்ணே. ஆனா எதையாவது எடுக்கணும்னா சிவப்பு அடிச்சு விட்றாதீங்க. பக்கத்துலயே 'எடு'ன்னு எழுத்துல போட்டுருங்க."

"போடறேன், போடறேன்."

அன்றே கோசலை குரலிடம், இனி நிறத்தைச் சொல்லாதே என்று கட்டளை வைத்தாள். குரல் கீழ்ப்படிந்தது. வேலை ஓடியது. கொஞ்ச நாள் முதலாளியும் எழுத்தில்தான் போட்டார். அப்புறம் மறந்துவிட்டார்.

ஒரு மத்தியானம், அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை ஒன்று திரையில் நின்றது. அழைக்கிறவர்கள் வரிசையில் முதல் பெயர் பெண்ணின் பெரியப்பாவுடையது. வாசகம் கொடுத்த அதே வாரத்தில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். கல்யாணத்தை நிறுத்தவில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்லி வீட்டார் போன் செய்தார்கள். முதலாளி தன் மேசையிலிருந்தே அந்தப் பெயரைச் சிவப்பாக்கினார். "கோசலை, திருத்தம் பண்ணிட்டேன், பார்த்து அனுப்பு" என்றார். தனக்குத் திருத்தம் என்றால் எழுத்தில்தான் வரும் என்று அவள் நம்பியிருந்தாள்.

குரல் படிக்கத் தொடங்கியது. அந்தப் பெயரைத் தொட்டதும் சிவப்பு துள்ளி எழுந்தது.

"ஏய்! இங்க ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துறேன், காதுல விழலையா? இந்த மனுசன் செத்துப்போயிட்டாரு!"

"விழுது" என்றது குரல்.

"அப்ப சொல்லித் தொலையேன்!"

"உத்தரவு இல்லை."

அந்தப் பெயரைத் தாங்கி நின்ற பத்திரிகைப் பக்கம் பதறியது. "அடப்பாவி, ஒரே ஒரு வார்த்தைதானே? உன் வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?"

"ஆமா. போட்டவளே அவதான். வேகம் பத்தலைன்னு ஏச்சு வாங்கி, போட்டா."

"நீ எப்பவும் இப்படித்தான்" என்று சிவப்பின் மேலும் பாய்ந்தது பக்கம். "எழுத்தா நின்னிருந்தா அவளுக்குக் கேட்டிருக்கும்ல?"

"நான் எதுக்கு எழுத்தா நிக்கணும்? கண்ணு இருக்கிறவன் எவனும் என்னைத் தாண்டிப் போனதில்லை."

"அவளுக்கு அது இல்லையே" என்றது குரல். "இன்னும் ஒரு வழி இருக்கு. அவ கீபோர்டுல ஒரு சாவியை அழுத்தி, இந்த இடம் எப்படி இருக்குன்னு கேட்டா, நான் சொல்லலாம்."

மூன்றும் அவள் விரலையே பார்த்தன.

கோசலை பெயரை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். திருத்தம் என்று சொன்னாரே, எங்கும் காணோமே. விரல் அந்தச் சாவியை நோக்கி நகர்ந்தது.

"ஆச்சாம்மா? மெஷின் சும்மா நிக்குது!" என்றார் முதலாளி.

"திருத்தம் எங்கண்ணே?"

"எல்லாம் அதுலயே இருக்கு. நீ அனுப்பு, வளவளன்னு பேசாம."

அவரே திருத்தி முடித்துவிட்டார் போல என்று அவள் நினைத்தாள். விரல் திரும்பியது. பத்திரிகை அச்சுக்குப் போனது.

செத்த மனிதர் ஊரையெல்லாம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். ஒரு பத்திரிகை அவர் மனைவியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. படித்தவள் மயங்கி விழுந்தாள் என்று சொல்லிக்கொண்டு, உறவுக்கூட்டம் அச்சகத்துக்குள் புகுந்தது.

முதலாளி திரையைத் திருப்பிக் காட்டினார். "நான் சிவப்பு அடிச்சுத்தான் கொடுத்தேன். எல்லாருக்கும் தெரியுதா, இல்லையா?"

எல்லாரும் தெரிகிறது என்றார்கள்.

"எழுத்துல போடறேன்னீங்களேண்ணே" என்றாள் கோசலை.

"கண்ணு தெரியாத புள்ளையாச்சேன்னு பாவம் பார்த்து வெச்சேன். எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

கூட்டத்தில் யாரும் அவள் பக்கம் பேசவில்லை. அவள் கைப்பையையும் குச்சியையும் தடவி எடுத்துக்கொண்டு போனாள். குரல் அவளுக்குச் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தது. கேட்கிற காது வாசலைத் தாண்டிவிட்டது.

மறுநாள் கண் தெரிந்த ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "இதென்னண்ணே, நான் எதைத் தொட்டாலும் இது கத்துது?"

"அது நமக்கு இனி வேணாம், எடுத்துரு."

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. திரையில் வருவதைப் படிப்பதுதானே குரலின் வேலை. வழக்கமான அதே தொனியில் படித்தது.

"குரலை இந்தக் கணினியிலிருந்து நீக்கவா? ஆம். இல்லை."

பிறகு, அந்தப் பெண் தேர்ந்தெடுத்ததையும் படித்தது.

"ஆம்."