கூடை அறுக்கும் நாள்

மருதந்துறை நாட்டு அரண்மனையில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்தானோ, யாருக்கும் தெரியாது.

அரசகுலத்துப் பிள்ளைகள் யானை அம்பாரியில் போகும்போது, பிரம்புக் கூடை ஒன்றில் உட்கார வைப்பார்கள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று என ஐந்து வார்கள் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து வயது நிறைந்த அன்று கூடையின் வார்களை வாளால் அறுத்து, பிள்ளையை ஒரு மணையில் ஏற்றி உட்கார்த்துவார்கள். அதற்குமேல் பெரியவர்கள் தோள்வழியே கட்டும் அதே ஒற்றை வார்தான். மேளம் கொட்டும். ஊரே கைதட்டும்.

இளவரசி அமுதவல்லிக்கு மறுநாள் ஐந்து நிறைகிறது. மறுநாளே ஆற்றுத் திருவிழா ஊர்வலம்.

இதில் கயற்கண்ணிக்கு என்ன வேலை? அவள் அரசரின் ஓலை எழுதுபவள். அரசர் வாயால் சொன்னதை அவள் எழுதி, அதில் முத்திரை விழுந்தால் சட்டம். மாற்ற வேண்டுமானால் மறுபடியும் அரசரே வாய் திறக்க வேண்டும். இருபத்திரண்டு வயது. தப்பாகத் தோன்றியதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று மாலை யானைக் கொட்டிலில் ஒத்திகை. மணையில் ஏறிய இளவரசிக்குக் கால் மடங்கவே இல்லை, நீட்டிக்கொண்டு நின்றது. வாரைக் கட்டினால் தோளில் படியாமல் கழுத்தில் போய் உரசியது. யானை தண்ணீர் குடிக்கக் குனிந்ததுதான் தாமதம், பிள்ளை வாருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனாள். பாகன் பாய்ந்து பிடித்தான்.

"அக்கா, கழுத்தை அறுக்குது" என்று கயற்கண்ணியின் காதில் சொன்னாள் அமுதவல்லி. "அப்பாகிட்ட சொல்லிடாதே. கூடை பாப்பாவுக்காம். தளபதி மாமா சிரிப்பார்."

நாளை யானை இறங்கப்போவதோ செங்குத்தான ஆற்றங்கரை. கயற்கண்ணி நேரே அவைக்கு நடந்தாள்.

"மகாராஜா, இளவரசி இன்னும் கூடைக்கு அளவாகத்தான் இருக்கிறாள். கூடையில் வார் கோக்கும் மேல் துளைக்குக் கீழேதான் அவள் தோள் நிற்கிறது. அதைத் தாண்டி வளரட்டும், அப்புறம் மாற்றலாமே?"

அரசர் உத்தமராயர் தம் பருத்த உடம்பை நிமிர்த்தி வாய் திறக்குமுன் தளபதி கடம்பராசன் முந்திக்கொண்டார். மூங்கில் கழிக்கு மீசை வைத்தாற்போல இருப்பார்.

"என் மகன் நாலு வயதிலேயே மணை ஏறிவிட்டான். ஓலை எழுதுகிற பெண்ணுக்கு யானையைப் பற்றி என்ன தெரியும்?"

"யானையைப் பற்றிப் பேசவில்லை ஐயா. பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன். இது என்ன, யார் பிள்ளை முதலில் ஏறும் என்று பந்தயமா?"

"பார்த்தீர்களா மகாராஜா, வாய்!"

மகாராஜாவுக்குத் தளபதி மகனின் நாலு வயது உறுத்தியது. உறுத்தினால் அவர் சட்டம் போடுவார்.

"எழுது! நாளை அம்பாரி ஏறும் எவருக்கும் வயதே அளவு. வேறு எந்த அளவும் பார்க்கக் கூடாது."

"எவருக்குமா, மகாராஜா?"

"எவருக்கும்!"

கயற்கண்ணி எழுதினாள். முத்திரை விழுந்தது. ஓலையோடு நேரே கவசக் கொட்டடிக்குப் போனாள்.

விடிந்தது. அரசரும் தளபதியும் கவசம் பூண்டு ஒரே அம்பாரியில் போவது வழக்கம். கவசம் மாட்டுபவர்கள் வந்தார்கள். அரசர் கையைத் தூக்கினார். மார்புக்கவசம் வந்து அழுத்தியது. இரண்டு பேர் முதுகில் முழங்காலை ஊன்றி வாரை இழுத்தார்கள். டக்! பூட்டு விழுந்தது.

"யாருடையடா... இது?" அரசருக்குப் பாதிக் குரல்தான் வந்தது.

"தளபதியுடையது, மகாராஜா" என்றாள் கயற்கண்ணி பணிவாக. "அவருக்கும் நாற்பத்தொன்று, தங்களுக்கும் நாற்பத்தொன்று. ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஓலைப்படி யாருடையதை யார் போட்டால் என்ன?"

பக்கத்தில் கடகடவென்று சத்தம். அரசரின் கவசம் தளபதியின் தலைவழியே இறங்கி, அவரை முழுதாக விழுங்கி, முழங்காலில் போய் இடித்தது. மீசை நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அமுதவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அரசர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "அவிழ்... அவிழ்க்கச் சொல்!"

"ஓலை தடுக்கிறதே, மகாராஜா. வயது சரியாகத்தானே இருக்கிறது?"

"வயதை வைத்துக்கொண்டு... நான் என்ன செய்ய? உடம்புக்குப் பொருந்த... வேண்டாமா?"

கயற்கண்ணியின் எழுத்தாணி அதற்குள் ஓலைமேல் இருந்தது. "இதை எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதித் தொலை!"

"பொருந்தும்வரை கூடை. கூடையை மிஞ்சி வளர்ந்த பிறகு மணை. மணையில் கால் மடங்க வேண்டும், வார் தோளில் படிய வேண்டும், பிள்ளை வழி முழுக்க நிமிர்ந்து உட்கார வேண்டும். வயதைக் கேட்க வேண்டியதில்லை. சரியா, மகாராஜா?"

"ச... சரி!" என்றார் அரசர். அதற்குமேல் மூச்சு இல்லை. முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பூட்டு திறந்தது. காற்றை இழுத்தார், மகளைப் பார்த்தார், அவள் கழுத்தில் நேற்று வார் உரசிய சிவப்புக் கோட்டைப் பார்த்தார். கூடை வாரை அறுக்க வைத்திருந்த வாளை எடுத்து உறைக்குள் தள்ளினார். பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கெட்டிக்காரி! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"கேட்க நேரமில்லை, மகாராஜா. நான் போய் இளவரசிக்கு ஐந்து வாரையும் கட்டிவிட்டு வருகிறேன். தாங்கள் அதற்குள் அந்தக் கவசத்தில் தளபதி எங்கே இருக்கிறார் என்று தேடி எடுத்துவிடுங்கள்."