சென்னியப்பன் செய்த மேசை

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு வரலாம், கதை காத்திருக்கும்.

குருவின் பெயர் கோகிலவாணி. கோவைக்குப் பக்கத்தில் இருகூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் ஒரு வேலையைக் கொடுப்பார். வேலை முடியும்போது கேள்வி இருக்காது, இருந்தாலும் அது வேறு கேள்வியாகியிருக்கும்.

சீடர் சென்னியப்பன் மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறியவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்ன வெல்டிங் மெஷின் வாங்கி வீட்டு கார் ஷெட்டில் வைத்தார். கார் கிடையாது. ஷெட் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டறைக்கு வந்து கற்றுக்கொண்டார். குருவை, ஊர் வழக்கில் சின்னப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி, ‘அம்மிணி’ என்றுதான் கூப்பிடுவார், ஆனால் மரியாதைக்கு ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நாள் காலையில் மொபெட்டில் ஒரு வாக்கரைக் கட்டிக்கொண்டு வந்தார். நான்கு கால், இரண்டு கைப்பிடி. மனைவி பாவாத்தாளுக்காக அவரே செய்தது.

பாவாத்தாள் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இடது மணிக்கட்டு மடங்காது. கடையில் விற்கிற வாக்கர் எதையும் அந்தக் கையால் பிடிக்க முடியவில்லை. மாதக் கடைசிக்குள் எழுந்து நடக்க ஆரம்பிக்காவிட்டால் பிறகு நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவாத்தாள் விழுந்த நேரத்தில் சென்னியப்பன் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது அவரை உள்ளுக்குள் அரித்தது. வாக்கரை வேறு யாரிடமும் செய்யக் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

குருவின் மேசை மேல் வாக்கரை வைத்தார். அது டக், டக் என்று ஆடியது.

“ஒரு காலு தப்பா இருக்குதுங்க அம்மிணி. எந்தக் காலுன்னு சொல்லுங்க, அறுத்துப்போடறேன்.”

குரு குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“எது மேல வச்சுப் பத்த வச்சீங்கண்ணா?”

“ஷெட்டுத் தரையிலதானுங்க.”

“அந்தத் தரையில தண்ணி நிக்குமா?”

“எப்படீங்க நிக்கும்? நானே நின்னு வாட்டம் வச்சுப் பூசச் சொன்ன தரைங்க. ஒரு சொட்டு நிக்காது.” சொல்லி முடித்தபோது தப்பு காலில் இல்லை, சரிவான தரையில் என்று அவருக்கே விளங்கிவிட்டது.

“மேசை செய்யுங்க” என்றார் குரு.

“மாசக் கடைசிக்கு இருவது நாள்தானுங்க இருக்குது. நான் வாக்கர் கேட்டு வந்தா நீங்க மேசை செய்யச் சொல்றீங்களே?”

குரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஓட்டை போட்டு, இழைத்து, பளபளவென்று விற்கிற வெல்டிங் மேசை சென்னியப்பனுக்குக் கட்டுப்படியாகாது. பழைய இரும்புக் கடையில் மூன்று நாள் கிளறினார். மூடிய மில் ஒன்றில் கழித்துப்போட்ட பத்து எம்எம் பிளேட் ஒன்று கிடைத்தது. மூன்றடிக்கு இரண்டடி, நல்ல மட்டமான பிளேட். வாசல் கேட்டுக்கு வாங்கி மிஞ்சியிருந்த பாக்ஸ் பைப்பில் காலும் சட்டமும் செய்தார். பிளேட்டைச் சட்டத்தின் மேல் வைத்து எட்டு கிளாம்ப் போட்டு இறுக்கினார். பிறகு சுற்றிலும் ஓர் அங்குலம் விடாமல் வெல்டிங் இழுத்தார். கம்பம் ஏறியவருக்கு எதையும் அரைகுறையாகக் கட்டிப் பழக்கமில்லை.

உள்ளேயிருந்து பாவாத்தாள் குரல் கொடுத்தார்.

“ஏனுங், உங்க மேசை நடக்கப் போகுதா, நான் நடக்கப் போறனா?”

“ரெண்டு பேரும் நடப்பீங்க. சும்மா படு.”

குரு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சென்னியப்பன் ஒரு நேர் கம்பியைப் பிளேட் மேல் வைத்துக் காட்டினார். அடியில் வெளிச்சம்கூடப் புகவில்லை.

“கிளாம்பக் கழட்டுங்கண்ணா.”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமுங்களே. இரும்பு அப்படியே பழகிக்கும்.”

“கழட்டுங்க. கழட்டிட்டு ரெண்டடி தள்ளி நில்லுங்க.”

ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏழு வரை ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது கிளாம்ப் தளர்ந்ததும் டங் என்று ஒரு சத்தம். வெல்டிங் சூட்டில் முறுக்கிப்போயிருந்த பிளேட்டின் மூலை ஒன்று சட்டத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எழும்பியது. அந்தப் பக்கத்துக் கால் தரையை விட்டு ஒரு விரல் மேலே நின்றது.

சென்னியப்பனுக்கு முகம் செத்துவிட்டது. பாய்ந்துபோய் இரண்டு கையாலும் மூலையை அமுக்கினார்.

“கையெடுங்க. ரெண்டடி தள்ளி நில்லுங்கன்னனே.”

“ஏனுங்க ரெண்டடி?”

குரு கழற்றிய கிளாம்புகளை எடுத்து ஓரமாக வைத்தார்.

“அப்ப கிளாம்பே போடக்கூடாதுங்களா?”

“போடோணும். பத்த வைக்கற வரைக்கும்.”

அவ்வளவுதான். ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது.

வேறொருவராக இருந்தால் அந்த மேசையை அதே பழைய இரும்புக் கடைக்குத் திருப்பி அனுப்பியிருப்பார். சென்னியப்பன் கிரைண்டரை எடுத்தார். ஆசை ஆசையாக இழுத்த வெல்டிங் அத்தனையையும் இரண்டு நாள் உட்கார்ந்து அறுத்தார். பொறி பட்டுச் சட்டை முழுக்க ஓட்டை. பிளேட்டைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் சூடு காட்டி ஆறவிட்டார். சட்டத்தின் கால்களுக்கு அடியில் போல்ட் வைத்தார். தரை எப்படி வாட்டமாக இருந்தாலும் போல்ட்டைத் திருகி மேசையை மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

பிறகு பிளேட்டைச் சட்டத்தின் மேல் சும்மா வைத்தார். எங்கே இடைவெளி தெரிந்ததோ அங்கே பிளேட்டைக் கீழே இழுக்காமல், இடைவெளிக்கு ஏற்ற தகட்டைச் செருகி, அதன் பிறகே கிளாம்ப் போட்டார். வெல்டிங்கைக் கோடாக இழுக்காமல் பொட்டுப் பொட்டாக வைத்தார். இந்த மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் ஒரு பொட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரும்பு கை பொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தார். காத்திருக்கிற நேரத்தில் பாவாத்தாளுக்குக் காலைப் பிடித்துவிட்டார்.

நான்கு மூலையிலும் ஒரே அளவு போல்ட் நட்டை வைத்து, அவற்றின் மேல் மூலைக்கு மூலை குறுக்கும் மறுக்குமாக இரண்டு நூல் கட்டிப் பார்த்தார். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமல் நின்றால் பிளேட் முறுக்கவில்லை என்று அர்த்தம். கிளாம்பைக் கழற்றுவார், இரண்டடி தள்ளி நிற்பார், நூலைப் பார்ப்பார். சரியில்லை. அறுப்பார், தகட்டை மாற்றுவார், மறுபடி பொட்டு வைப்பார். ஆறு தடவை இப்படிப் போனது. ஏழாவது தடவை கழற்றியபோது சத்தமே வரவில்லை. நூலும் அசையவில்லை.

சந்தோஷத்தில் கண் கலங்கியதை ஒப்புக்கொள்ளமாட்டார், புகை என்பார்.

புது வாக்கரை அந்த மேசை மேல் வைத்தே செய்தார். இடது பக்கம் கைப்பிடிக்குப் பதிலாக முழங்கையை வைத்துக்கொள்ள அரைவட்டமாக ஒரு தொட்டில், அதற்குள் மெத்தென்று சைக்கிள் டியூப். முடித்து, கழற்றி, மேசை மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலாக விரலால் தட்டினார். எதுவும் ஆடவில்லை.

மாதத்தின் கடைசி நாள் காலையில் குருவை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

ஹாலில் பாவாத்தாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு நிற்கிறார். கால் நடுங்கியது, ஆனால் நின்றார். வாக்கரும் அசையாமல் நின்றது. சென்னியப்பன் ஒரு கையால் மனைவியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தார். இன்னொரு கையால் வாக்கரையும் பிடித்திருந்தார்.

பாவாத்தாள் அதை முன்னால் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை.

“வுடுங், எங்கியும் நகர மாட்டேங்குது.”

“நகரும், நகரும். நான் புடிச்சிருக்கறேன்.”

“நீங்க புடிச்சிருக்கறதுனாலதானுங் நகர மாட்டேங்குது!”

சென்னியப்பன் குருவைப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு நாள் இப்படியே புடிச்சுக்கறனுங்க அம்மிணி. கொஞ்சம் பழகிக்கட்டும்.”

குரு குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ரெண்டடி தள்ளி நில்லுங்கண்ணா.”

“இது மேசையில்லீங்க. போன தடவ நான் பக்கத்துல இல்லாமத்தானுங்க விழுந்தா. மறுபடி விழுந்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்?”

“ஏன் ரெண்டடின்னு அன்னைக்குக் கேட்டீங்க. எட்டிப் புடிக்கற தூரமுங்கண்ணா அது.”

சென்னியப்பன் முதலில் வாக்கரிலிருந்து கையை எடுத்தார். பிறகு இடுப்பிலிருந்து எடுத்தார். அவர் தள்ளி நிற்பதற்குள் பாவாத்தாள் இரண்டு எட்டு வைத்திருந்தார். வாசற்படி வரை அவர் போக, சென்னியப்பன் அதே இரண்டடி தள்ளிக் கூடவே நடந்தார்.